எட்டடிக் கம்பு, மூன்றாம் நம்பர் நூல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எந்த உந்துதலிலும் பிறக்கவில்லை. ஒரு கடையில் முடிவெடுக்கத் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றதில் பிறந்தது. ஏழடிக் கம்பா, எட்டடிக் கம்பா என்பதுதான் கேள்வி. பதில் தெரியாதவன் ஒரு வாரம் அந்தக் கடைப்பக்கம் தலைகாட்டாமல் இருக்க ஏதாவது வேலை வேண்டுமே, அதற்காக எழுத உட்கார்ந்தேன்.

கம்பு என்றால் தூண்டில் கம்பு. அதிலும் குளிர்ந்த மலை ஆறுகளில் இருக்கும் டிரவுட் மீனுக்கான ஃப்ளை தூண்டில். பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இதில் புழு கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதற்கு எடையே இல்லை. எடை எல்லாம் நூலில் இருக்கிறது. நூலைப் பின்னால் வீசி, அது காற்றில் முழுசாக நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். பூச்சி தண்ணீரில் வந்து உட்கார வேண்டும், பொத்தென்று விழக் கூடாது. விழுந்தால் டிரவுட் அந்த இடத்தையே காலி செய்துவிடும். [இதற்கு மேல் விளக்கினால் அத்தான் ஓரத்தில் பென்சிலால் ‘இங்கே தூக்கம் வந்தது’ என்று எழுதிவிடுவார்.]

அத்தான் யார் என்று சொல்லவில்லை. என் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருடங்களாக நான் எழுதும் எல்லாவற்றுக்கும் அவர்தான் முதல் வாசகர். பெரிய கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையில் உட்கார்ந்து, சாப்பாட்டு வேளையில் படிப்பார். பாராட்ட மாட்டார். தூக்கம் வந்த இடங்களை மட்டும் குறித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகையோடு திருப்பித் தருவார். நான் அந்த இடங்களை வெட்டுவேன். என் கதைகள் சின்னதாக இருப்பதற்கு அதுதான் காரணம், நீங்கள் நினைப்பதுபோல் கலைத்திறன் இல்லை.

அத்தானின் வலது கை இப்போது தோளுக்கு மேல் எழும்பாது. இரண்டு வருடங்களாக அவர் ஆற்றுப்பக்கம் போகவில்லை. அவருடைய கார்பன் கம்பு உறையோடு பரணில் கிடக்கிறது. போன மாதம் அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துச் சொன்னாள்.

“டேய், ஞாயித்துக்கிழமையானா இந்த மனுஷன் வீட்ல இருக்கற எல்லாக் கதவுக் கீலுக்கும் எண்ணெய் போடறாருடா. இப்ப ஒரு கதவுகூட சத்தம் போடறதில்ல. யாரு உள்ள வர்றா, யாரு வெளிய போறான்னே தெரியல. போன வாரம் பின்னாடி வந்து நின்னு எனக்கு உயிரே போயிடுச்சு. எப்படியாவது அவர ஆத்துக்குக் கூட்டிட்டுப் போயிடு.”

விஷயம் அவ்வளவுதான். அத்தான் மறுபடி ஆற்றில் இறங்கி நிற்பாரா, மாட்டாரா. இதைத் தவிர இந்தக் கதையில் வேறு மர்மம் எதுவும் இல்லை.

2

தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: “விடியலின் பனி ஆற்றின் மேல் வெண்பட்டுப் போர்வையாக—” வேண்டாம். இந்தப் போர்வையை எத்தனையோ பேர் போர்த்திக் கிழித்தாயிற்று.

இரண்டாம் தொடக்கம்: “மீனுக்கு நினைவாற்றல் உண்டா என்கிற கேள்வியை நாம்—” நாம் என்று ஆரம்பித்தாலே கட்டுரை. வாசகர் செருப்பைத் தேடுவார்.

மூன்றாம் தொடக்கம்: “லிஃப்ட் குழிக்குள் அவர் விழுந்தபோது காலை மணி பதினொன்று.” இது எனக்குப் பிடித்திருந்தது. விறுவிறுவென்று நான்கு பக்கம் வந்தது. ஏணி வழுக்குகிறது, மெக்கானிக் விழுகிறார், தோள் கிழிகிறது, அறுவை சிகிச்சை நடக்கிறது, டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார். எழுதி முடித்ததும் என் கண்ணே கலங்கியது. கையோடு கொண்டுபோய் அத்தானிடம் கொடுத்தேன்.

3

மூன்றாம் நாள் திரும்பி வந்தது. நான்கு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு குறிப்பு.

‘இருபத்தாறு வருஷத்தில் நான் குழியில் விழுந்ததில்லை. நான் பார்க்கும் லிஃப்ட்டில் யாருமே விழுந்ததில்லை. தொழிலுக்குக் கெட்ட பெயர். மாற்று.’

அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்: ‘எப்படிப் போச்சுன்னு உனக்குத் தெரியும்.’

தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அதுவும் பூசணிக்காயிடமே தட்டை நீட்டிவிட்டேன்.

4

நடந்தது இது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு. ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும்தான் போவோம். அவர் பிடிப்பார். வலையும் டீ ஃபிளாஸ்க்கும் சுமப்பது என் பங்கு. கரும்பு தின்னக் கூலியா என்பதுபோல் எனக்கு அதில் சந்தோஷம்தான், கரையில் உட்கார்ந்து எழுதலாம். அன்று ஆற்றைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தோம். முழங்கால் ஆழம், அடியில் பாசி பிடித்த கல். அப்போது எனக்கு ஒரு நல்ல வாக்கியம் தோன்றியது. நோட்டை எடுத்தேன். [ஆமாம், நடு ஆற்றில். சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.]

எழுதிக்கொண்டே ஓரடி எடுத்து வைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று அந்தக் காலத்தில் சொல்லி வைத்தவர்கள் என்னை மனதில் வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். கால் போனது, இடுப்பு போனது, தலையும் போனது. தண்ணீர் என்னை இரண்டு பாறைகளுக்கு நடுவே இழுத்தது. அத்தான் கம்பைக் கரைக்கு வீசிவிட்டு, இடது கையால் பாறையைக் கட்டிக்கொண்டு, வலது கையால் என் சட்டைக் காலரைப் பிடித்தார். நான் எழுபத்தெட்டு கிலோ. நனைந்தால் இன்னும் அதிகம். அவர் தோளில் எது எப்போது அறுந்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் பிடியை விடவில்லை. என் கால் ஒரு கல்லைக் கண்டுபிடிக்கும்வரை விடவில்லை.

கரையில் வந்து விழுந்ததும், வெளுத்த முகத்தோடு அவர் கேட்ட முதல் கேள்வி, “நோட்டு நனஞ்சிடுச்சா மாப்ள?”

அந்த நல்ல வாக்கியம் என்ன என்று இன்றுவரை எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதற்காக ஒரு மனிதரின் தோள்— இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. இப்படியே கிடக்கட்டும்.

அவருக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. நம் வீடுகளில் நன்றி என்பது மேடையில் மைக் பிடித்தவர்கள் சொல்வது. அத்தானிடம் போய் யார் நன்றி சொல்வார்கள்? ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்பதோடு சரி. நானும் இரண்டு வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாப்பிட்டீங்களா அத்தான், சாப்பிட்டீங்களா அத்தான் என்று. அவரும் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

5

இப்போது கடை. இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகம்.

முதல் வரைவில் கடைக்காரரை நீண்ட வெள்ளைத் தாடியுள்ள கிழவராக எழுதியிருந்தேன். அவர் ஆற்றைப் பற்றி ஆழமான வசனங்கள் பேசினார். இரண்டு பக்கம் பேசவிட்டுப் பார்த்தேன், எனக்கே கொட்டாவி வந்தது. தாடியை மழித்தேன். வசனங்களை வெட்டினேன். கடைசியில் உண்மையில் இருந்தவரையே கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்: நாற்பது வயதுப் பெண்மணி, கழுத்தில் அளவு நாடா, பொறுமை கொஞ்சம் குறைவு.

முதல் தடவை போனபோது சுவரில் சாய்த்திருந்த கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிப் பார்த்தேன்.

“ஆட்டாதீங்க சார்,” என்றார். “வெறுங்கம்ப ஆட்டிப் பாத்து எடுக்கறது, போட்டோவ மட்டும் பாத்துட்டுப் பொண்ணுக்கு ஓகே சொல்ற மாதிரி. நூல் போட்டு வீசிப் பாக்கணும். யாருக்கு?”

“எனக்குத்தான்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? ‘என்னால் கை போனவருக்கு’ என்று சொல்ல வாய் வரவில்லை. எழுதுகிறவனுக்குப் பொய் கைவந்த கலை என்பார்கள். எனக்கு அது வாய்வந்த வியாதி.

“தோள்ல கொஞ்சம் வலி,” என்று வேறு சேர்த்துக்கொண்டேன். “மெதுவா வேலை செய்யற கம்பா வேணும்.”

கடைக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப்போனார். ஏழடியா, எட்டடியா என்று கேட்டார், விழித்தேன். முதலில் ஏழடி ஃபைபர்கிளாஸ் கம்பைக் கொடுத்தார். கார்பன் கம்பு விறைப்பானது, வேகமான கை கேட்கும், ஃபைபர்கிளாஸ் அடிவரை வளைந்து நிதானமாகத் திரும்பும் என்றார். நான் முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, அத்தான் எப்படி வீசுவார் என்று நினைத்து வீசினேன். நூல் சுருண்டு என் தொப்பி மேலேயே விழுந்தது. இரண்டாவது வீச்சில் நான் அத்தான் என்பது மறந்துபோய்க் கை ஜோராக மேலே போனது. நூல் அழகாக நீண்டது. நானே வியந்து நின்றேன்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். “சார், உங்க தோள் நல்லாத்தான் இருக்கு. யாரோட தோள இரவல் வாங்கிட்டு வந்திருக்கீங்க?”

அன்று தப்பித்து ஓடியவன்தான். ஒரு வாரம் எழுதுகிறேன் என்ற பெயரில் ஒளிந்திருந்தேன். எழுதும்போதும் அந்தக் கேள்வி விடவில்லை. கதையில் அவரைக் குழியில் தள்ளியதும் நான்தான், கடையில் கையை ஒட்டவைத்து வீசியதும் நான்தான். இரண்டு இடத்திலும் அத்தானைக் கேட்காமலே அத்தானாக நடித்திருக்கிறேன். மறுபடி கடைக்குப் போனபோது எதையும் மறைக்காமல் சொன்னேன். ஆறு, நோட்டு, காலர், எல்லாம்.

அவர் எதற்கும் ‘அடடா’ சொல்லவில்லை. “அவர் கை எவ்வளவு உயரம் வரைக்கும் வரும்?” என்று மட்டும் கேட்டார்.

இது எனக்குத் துல்லியமாகத் தெரியும். அக்கா சமையலறையில் சர்க்கரை டப்பா, டீத்தூள், அவருடைய டம்ளர் எல்லாவற்றையும் ஒரு தட்டு கீழே இறக்கி வைத்துவிட்டாள். “ரெண்டாவது தட்டு வரைக்கும் வரும். மூணாவது தட்டுன்னா இடது கை.”

“அந்தத் தட்டு தரையிலேருந்து எவ்வளவு?”

அக்காவுக்குப் போன் போட்டு அளக்கச் சொன்னேன். “எதுக்குடா?” என்றாள். சொன்னேன். டப்பாக்களை நகர்த்தும் சத்தம் கேட்டது, பிறகு அளவைச் சொன்னாள். கடைக்காரம்மா நாடாவைப் பிடித்துக் கதவு நிலையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். “இப்ப இந்தக் கோட்டத் தாண்டாம வீசுங்க.”

ஏழடியில் முடியவில்லை. கை தாழ்ந்தால் நூலும் தாழ்ந்து பின்னால் இருந்த சைக்கிளில் மாட்டியது. எட்டடிக் கம்பைக் கொடுத்தார்.

“ஃபைபர்கிளாஸ்ல எல்லாரும் குட்டையாத்தான் கேப்பாங்க. நீளம் ஏறினா முனை கனத்துத் தொங்கும். இத மெல்லிசா இழைச்சிருக்கு, மூணாம் நம்பர் நூலுக்கு மட்டும். நம்பர் குறைஞ்சா நூல் லேசு. லேசான நூலுன்னா கை இழுக்க வேணாம், பூச்சியும் சத்தமில்லாம எறங்கும். கை தூக்க முடியாத உயரத்தக் கம்போட நீளம் பாத்துக்கும். ஆனா ஒண்ணு, அவசரப்பட்டா இது வேலை செய்யாது. பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்லுவாங்கல்ல, அதுக்குன்னே செஞ்ச கம்பு.”

கோட்டைத் தாண்டாமல் வீசினேன். பின்னால் நூல் நீளும்வரை பொறுத்தேன். கம்பு கைப்பிடி வரைக்கும் வளைந்து, அவசரமில்லாமல் நிமிர்ந்தது. நூல் சைக்கிளுக்கு மேலே போய், எதிரே நின்ற காரைத் தொடாமல், தரையில் படுத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டி எடுக்க வந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போனார்.

[அந்தச் சாக்பீஸ் கோட்டுக்காக அந்த அம்மாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். இதைப் படிப்பார் என்றால், தாடி வைத்ததற்கு மன்னிக்கவும்.]

6

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“யாருக்கு மாப்ள?”

“உங்களுக்குத்தான் அத்தான்.”

“எனக்குத்தான் ஒண்ணு இருக்கே.”

“இது ஃபைபர்கிளாஸ். மெதுவா வளையும். கை ரொம்பத் தூக்க—”

“ஓஹோ. முடியாதவனுக்குன்னு செஞ்சதா?”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. இந்த இடத்துக்கு மூன்று பதில்கள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று உருக்கமானது, ஒன்று சாமர்த்தியமானது, ஒன்றில் நான் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறேன். மூன்றுமே நன்றாக வந்திருக்கின்றன. நான் உண்மையில் சொன்ன பதில், “எட்டடி.” அவ்வளவுதான் வந்தது.

அத்தான் என்னைப் பார்த்தார். கம்பை எடுத்தார். மெக்கானிக்கின் கை சும்மா இருக்குமா? மூட்டுகளைத் திருப்பிப் பார்த்தார், நூல் ஓடும் வளையங்களுக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். முனையைச் சோபாவின் மேல் ஊன்றி மெல்ல அழுத்தி விட்டார். மறுபடி அழுத்தினார்.

“லிஃப்ட் குழிக்கு அடியில பஃபர்னு ஒண்ணு இருக்கும்,” என்றார். “பெட்டி கீழ எறங்கி வந்தா அடிய அது வாங்கிக்கும். வாங்கிட்டு மெதுவாத்தான் விடும். வெடுக்குன்னு விட்டா உள்ள இருக்கறவனுக்கு இடுப்பு போயிடும்.” இன்னொரு தடவை அழுத்தினார். “முடியாதவனுக்குன்னு இல்ல. இது செய்யறதே அப்படி.”

அக்கா எட்டிப் பார்த்து என்னிடம் கண்ணாலேயே என்ன என்று கேட்டாள். தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினேன்.

“ஞாயித்துக்கிழமை போறோம். ரெண்டு பேரும்,” என்றார் அத்தான்.

“நான் எதுக்கு அத்தான்? நீங்க நிம்மதியா—”

“ரெண்டு பேரும்னு சொன்னேன்.”

7

கதை முடியும் இடம் நெருங்குகிறது. கைவசம் உள்ள முடிவுகள்:

(அ) அத்தான் வீசுகிறார். பெரிய டிரவுட் எடுக்கிறது. இருவரும் கட்டிப்பிடித்து— சினிமா.

(ஆ) அத்தானால் வீச முடியவில்லை. கம்பும் பரணுக்குப் போகிறது. இப்படி முடித்தால் என்னை ஆழமான எழுத்தாளன் என்பார்கள். எனக்கு அந்தப் பட்டம் வேண்டாம், அத்தான் வேண்டும்.

(இ) மீனைப் பிடித்து மறுபடி தண்ணீரில் விடுகிறார். இது நடக்கக்கூடியதுதான். ஆனால் அவர் மீனை விடுவது இயல்பான பழக்கம், நான் எழுதினால் தத்துவமாகிவிடும்.

ஆகவே மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குப் போகிறேன்.

ஆறு அப்படியேதான் இருந்தது. அத்தான் முழங்கால் ஆழத்தில் போய் நின்றார். நான் கரையில், ஷூவின் நாடாவைக்கூடத் தளர்த்தாமல், தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தேன். முதல் வீச்சில் நூல் குவியலாக விழுந்தது. பழைய கார்பன் கம்பின் அவசரம் அவர் கையில் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் மணிக்கட்டோடு சேர்ந்து தோளும் எழும்பப் பார்க்க, “ஸ்ஸ்” என்று பல்லைக் கடித்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

“கடைக்காரம்மா பொறுக்கச் சொன்னாங்க அத்தான்,” என்று கத்தினேன். “பின்னாடி நீளட்டும்!”

அவர் முழங்கையை இடுப்பில் ஒட்டினார். நூலைப் பின்னால் அனுப்பிவிட்டுச் சும்மா நின்றார். ரொம்ப நேரம் நிற்பதுபோல் எனக்குத் தோன்றியது. பிறகு முன்னால் சாய்த்தார். நூல் வேகமான நீரோட்டத்தைத் தாண்டிப் போய், எதிர்க்கரையின் அமைதியான தண்ணீரில் படுத்தது. நடுவில் ஓடும் தண்ணீர் நூலை இழுக்காதபடி, கையைத் தூக்காமலே, எட்டடிக் கம்பின் முனையால் அதை லேசாக எடுத்து, தண்ணீர் வரும் பக்கமாக வைத்தார். பூச்சி ஆடாமல் மிதந்து போனது.

அத்தான் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

“உங்க அக்கா சொன்னாளா, கை வரலன்னு நான் ஆத்துக்குப் போறதில்லன்னு?”

“ஆமா.”

“கையும்தான். ஆனா கைக்கு இன்னொரு கை இருக்கு. இடது கையில வீசப் பழகியிருப்பேன், ஆறு மாசம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.” நூலை மெல்ல இழுத்துக்கொண்டார். “நான் கூப்பிட்டா நீ வந்திருப்ப. வந்து என் தோளையே பாத்துட்டு ஒக்காந்திருப்ப. ரெண்டு வருஷமா வீட்லயும் அப்படித்தான பாக்கற. சாப்பிட்டீங்களான்னு கேக்கறப்ப எவனாவது தோளப் பாத்துக் கேப்பானா? உன்ன விட்டுட்டுத் தனியாப் போனா நீ இன்னும் மோசமா நெனச்சுக்குவ. அதான் ஞாயித்துக்கிழமைகள்ல வீட்டிலேயே இருந்துட்டேன். கம்பத் தூக்கிட்டு நீயே வருவன்னு எனக்கென்ன தெரியும்.”

நான் எழுதப் பழகியவன். என்னென்னவோ சொல்லியிருக்கலாம். அந்தக் கல்லிலிருந்து எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் நிற்பதுபோல் நின்று, “ரொம்ப நன்றி அத்தான்,” என்றேன். “அன்னிக்கு விடாம பிடிச்சதுக்கு.”

அவர் இப்போது திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார், நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். அங்கே மீசை நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

“எழுபத்தெட்டு கிலோன்னா சும்மாவா,” என்றார். “சரி சரி, வா. அந்தப் பக்கம் நிழல்ல ஒண்ணு எழும்பி எழும்பிப் போகுது. இங்கேருந்து எட்டாது, கடக்கணும். வலை உன்கிட்டதான இருக்கு?”

கம்பை வலது கையில் வைத்துக்கொண்டு, இடது கையை என் பக்கம் நீட்டினார்.

நான் ஷூவைக் கழற்றினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. கணுக்கால், முழங்கால். அடியில் அதே பாசிக் கல். அவர் கை சூடாக இருந்தது. நடு ஆற்றில் அவர் சட்டென்று நின்று, “அசையாத,” என்று கிசுகிசுத்துவிட்டு, என் கையை விடாமலே கம்பைப் பின்னால் சாய்த்தார். நூல் என் தலைக்கு மேலே போகிற சத்தம் கேட்டது.

மீன் எடுத்ததா என்று கேட்பீர்கள். அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பெரிதாக வேண்டுமானாலும் எழுதுங்கள், அத்தான் ஆட்சேபிக்க மாட்டார். நான் பார்க்கவில்லை. எனக்கு என் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.